கண்ணகி வழக்குரைத்தாள், நம் பிள்ளைகள் வினவ வேண்டாமா?

வைகாசி பிறந்ததும் மட்டக்களப்பு வாவியின் இரு மருங்கிலும் கண்ணகை அம்மன் கோயிற் கதவுகள் திறக்கின்றன. செட்டிபாளையம் முதல் காரைதீவு, பட்டிமேடு, தம்பிலுவில் வரை கட்டாடியார் முன்னிற்க, கண்ணகி வழக்குரை படிக்கப்படுகின்றது. மதுரையை எரித்த சினம் தணியத் திருக்குளிர்த்தி பாடி, குளிர்ந்தருளத் தாயை வேண்டுகின்றோம். தெற்கே பாண்டிருப்பில் திரௌபதை அம்மனுக்குத் தீ மிதிக்கின்றோம்.

இந்தப் பெண்கள் இருவரும் யாவர்? ஒருத்தி பாண்டியன் அவையில் சிலம்பைச் சான்றாக உடைத்துக் காட்டித் தீர்ப்பைப் புரட்டியவள். மற்றவள் கௌரவர் அவையில் சட்ட வினா ஒன்றை எழுப்பியவள். தன்னைத் தோற்ற பின் என்னைப் பணயம் வைக்க அவருக்கு உரிமை ஏது என்பதே அவ்வினா. வீட்டுமனும் விதுரனும் வீற்றிருந்த அவையில் அதற்கு நேர்விடை கிடைக்கவில்லை. அரசவையில் நின்று வழக்காடிய பெண்கள் இருவரைத் தெய்வமாக ஏற்றுப் போற்றும் கரை நம் கரை.

ஆயினும் அதே கரையில் வளரும் பெண்பிள்ளைக்கு நாம் சொல்லிக் கொடுப்பது என்ன? 'கண்ணகியைப் போலப் பொறுமையாக இரு' என்கின்றோம். பொறுமை கண்ணகி கதையின் முற்பாதி மாத்திரமே. கோயிலில் நாம் காவியமாகப் படிப்பதோ பிற்பாதியை. கண்ணகியின் கற்பைப் பற்றிக் கட்டுரை எழுதும் மாணவி, அவள் சான்று காட்டிய முறையைப் பற்றி எழுதும்படி கேட்கப்படுவது அரிது. தெய்வம் வினவலாம், மகள் வினவலாகாது என்பது எந்த ஊர் நியாயம்?

இவ்வினாவை எழுப்புவதற்குக் காரணம் உண்டு. கூத்திலும் படத்திலும் தொலைக்காட்சியிலும் கைத்தொலைபேசியிலும் ஆண் இப்படி, பெண் இப்படி என்று ஓயாது ஒரு போதனை நடைபெறுகின்றது. அதை விசாரித்து ஏற்கவோ தள்ளவோ நம் மாணவருக்குப் பயிற்சி அளிக்கப்படுகிறதா? அளிக்கப்பட வேண்டும் என்பதும், அதனை அயலூர்ச் சரக்கைக் கொண்டு தொடங்காமல் நம் கூத்துக் களரியிலும் கண்ணகி கோயில் முன்றிலிலும் தொடங்க வேண்டும் என்பதும் நம் கருத்து.

வேடம் வேறு, ஆள் வேறு

மட்டக்களப்பின் வடமோடி, தென்மோடிக் கூத்துகளை அறியாத உழவர் குடும்பம் இங்கு இராது. மரபுவழியில் அக்களரியில் பெண் பாத்திரங்களையும் ஆண்களே ஆடினர். பகலில் வரம்பு கட்டிய இளைஞன் இரவில் சேலை உடுத்து அரசியாக வந்தான். அவனுக்குப் பெண்ணின் நடையையும் நாணத்தையும் குரலையும் அண்ணாவியார் மாதக் கணக்கில் பழக்கினார். அவனுடைய தோழனுக்கோ வீரனின் நிமிர்வையும் அரசனின் மிடுக்கையும் அதே அண்ணாவியார் பழக்கினார்.

இதில் மாணவர் கற்க வேண்டிய பெரும் பாடம் ஒன்று அடங்கியிருக்கின்றது. பெண்ணின் நாணம் பிறவியிலேயே வருவதாயின், அதை ஓர் ஆணுக்குப் பழக்க முடிந்தது எப்படி? ஆணின் மிடுக்கு இரத்தத்தில் ஊறியதாயின், அதையும் தாளக்கட்டுச் சொல்லிப் பழக்க வேண்டி வந்தது ஏன்? ஆண் உடலும் பெண் உடலும் இயற்கையின் ஆக்கம். இன்னபடி நட, இன்னபடி பேசு என்பதோ ஊர் பழக்கிய ஆட்டம். ஊருக்கு ஊர், காலத்துக்குக் காலம் அந்த ஆட்டம் மாறும்.

மாறியதற்குச் சான்றுகள் பல. யப்பானில் கபுக்கி நாடகத்தை 17 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தொடக்கி வைத்தவள் ஓக்குனி என்னும் பெண். 1629 இல் ஆட்சியாளர் பெண்களை அம்மேடையிலிருந்து விலக்கினர். அதன்பின் பெண் வேடம் ஆண்களுடைய தனிக் கலையாயிற்று. அதே யப்பானில் 1914 முதல் தக்கரசூக்கா என்னும் குழுவில் ஆண் வேடத்தையும் பெண்களே தாங்கி ஆடுகின்றனர். இங்கிலாந்தில் சேக்சுபியரின் நாயகியராக நடித்தோர் சிறுவர்கள். 1660 இன் பின்னரே பெண்கள் அந்நாட்டுப் பொது அரங்கில் முறையாக ஏறினர். தமிழ்நாட்டிலோ பாய்ஸ் கம்பெனிகளில் சிறுவர் பெண்ணாக நடித்த காலம் ஒன்று இருந்தது. 1935 இல் வெளிவந்த பக்த நந்தனார் படத்தில் கே. பி. சுந்தராம்பாள் நந்தனாராகவே நடித்தார்.

அவ்வளவு தூரம் செல்வானேன்? கண்ணகியைச் சிங்கள மக்கள் பத்தினித் தெய்வமாக வழிபடுகின்றனர். அவர்களுடைய கம்மடுவச் சடங்கில் பத்தினிக்குரிய பூசகர், ஆணாயிருந்தும், பெண்ணுடை அணிந்து ஆடுகின்றார். நம் கொம்புமுறி விளையாட்டில் வடசேரி கோவலன் கட்சியாகவும் தென்சேரி கண்ணகி கட்சியாகவும் நின்று இழுப்பது போல, அவர்களிடையே அங்கெலிய விளையாட்டு உண்டு. ஒரே தாயை இரு மொழியில் வணங்குவோர், ஆண் பெண் என்னும் கோட்டை எங்கெங்கே தாண்டினர், எங்கெங்கே இறுக்கினர் என்று இரு இன மாணவரும் ஒருங்கிருந்து ஒப்பிட்டுப் பார்ப்பார்களாயின், அது கலைக் கல்வியாகவும் இருக்கும். நாட்டுக்கு வேண்டிய கல்வியாகவும் இருக்கும்.

கதையை மறுவிசாரணை செய்தோர்

கதைகளும் தீர்ப்புகளே. தீர்ப்பு என்றால் மேன்முறையீடு உண்டு. அல்லி அரசாணி மாலையை நம் பாட்டிமார் இராகம் இழுத்துப் படித்தனர். மதுரையைத் தனியாண்ட பெண்ணரசி அல்லி, அருச்சுனனை வேண்டாம் என்றாள். அவனோ கண்ணனின் துணையுடன் பாம்பு வடிவில் அவள் பள்ளியறை புகுந்து, அவள் உறங்குகையில் தாலி கட்டினான். கேட்போர் அருச்சுனனின் சாமர்த்தியத்தை மெச்சினர். பெண்ணின் கை ஓங்கிய வீட்டை 'அல்லி இராச்சியம்' என்று எள்ளும் வழக்கும் தமிழில் நிலைத்துவிட்டது. சட்டம் படித்தவன் இக்கதையில் காண்பது யாது? சம்மதம் இல்லாத மணம். உறங்குபவள் உடன்பட்டாள் என்று எந்த நீதிமன்றமும் ஏற்காது. கதையை எரித்துவிடுக என நாம் கூறவில்லை. கதையைப் படித்து முடித்தபின், அல்லி என்ன சொல்லியிருப்பாள் என்று ஒரு வினாவை வகுப்பில் எழுப்புக என்கின்றோம்.

இவ்வாறு எழுப்பியவர் நம் நாட்டிலேயே உண்டு. 1956 ஆம் ஆண்டு பேராசிரியர் எதிரிவீர சரச்சந்திர 'மனமே' என்னும் சிங்கள நாடகத்தை மேடையேற்றினார். காட்டு வழியில் வேடர் அரசனோடு பொருதுகின்ற இளவரசன் தன் மனைவியிடம் வாளைக் கேட்கின்றான். பழைய சாதகக் கதையில் அவள் வாளின் பிடியைப் பகைவன் கையில் கொடுத்துவிடுகின்றாள். பெண்ணின் நிலையற்ற மனத்துக்கு அவளே சாட்சி ஆகின்றாள். சரச்சந்திரவின் நாடகத்திலோ, தனித்து நின்று நேர்மையாகப் பொருதவனைக் கொல்ல வேண்டாம் என்று அவள் இரங்கிப் பேசுகின்றாள். அந்த இடைவெளியிலே கேடு விளைகின்றது. குற்றம் யாருடையது என்னும் தீர்ப்பு அவையோரிடம் விடப்படுகின்றது. ஒரு பழங்கதையை மறுவிசாரணை செய்தமையால் சிங்களக் கலை குன்றிவிடவில்லை. அன்று முதல் அது தழைத்தது.

அந்நாடகம் எடுத்தாண்ட நாடகம மரபோ தமிழ்க் கூத்தின் வழி வந்தது. அதே பேராதனைப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் மட்டக்களப்புக் கூத்தை 1960களில் மேடைக்குரியதாகச் செப்பனிட்டார். 1962 இல் 'கர்ணன் போர்', 1964 இல் 'இராவணேசன்' என அவை அரங்கேறின. அவற்றில் மாணவராக ஆடிய சி. மௌனகுரு பின்னர் பேராசிரியராகிக் கிழக்குப் பல்கலைக்கழகத்தில் அக்கலைக்கு ஆய்வுக்களமும் ஆட்டக்களமும் அமைத்தார். சி. ஜெயசங்கரும் சீலாமுனைக் கூத்துக் கலைஞரும் இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் மேற்கொண்ட கூத்து மீளுருவாக்கம் இன்னும் ஒரு படி முன்சென்றது. கூத்துப் பாடல்களில் பெண்ணையும் தாழ்த்தப்பட்டோரையும் பற்றி என்ன சொல்லப்பட்டிருக்கின்றது என்பதை, வெளியார் வந்து தீர்மானிக்காமல், ஆடுவோரே களரியில் இருந்து விவாதித்தனர். கல்லடியிலுள்ள சுவாமி விபுலாநந்த அழகியற் கற்கைகள் நிறுவகத்தில் இன்று மாணவியரும் கூத்துப் பயில்கின்றனர். ஆகவே நாம் கேட்பது இல்லாத ஊருக்கு வழியன்று. பல்கலைக்கழகம் வரை வந்த வெளிச்சம் படுவான்கரைப் பள்ளிக்கூடத்துக்கும் வரட்டும் என்பதே நம் கோரிக்கை.

வீட்டுக்குள் வரும் தூது

கூத்து ஆண்டுக்கு ஒரு முறை ஆடப்பட்டது. இன்றைய தூதோ நாள்தோறும் வீட்டுக்குள் வருகின்றது. மாலைத் தொடர்களில் நல்ல பெண் அழுகின்றாள், கெட்ட பெண் கேள்வி கேட்கின்றாள். படத்தில் விரும்பாத பெண்ணைப் பின்தொடர்ந்து தொல்லை கொடுப்பவன் முடிவில் காதலன் ஆகின்றான். மணமகள் தேவை என்னும் விளம்பரத்தில் மாப்பிள்ளைக்குப் பதவி குறிக்கப்படுகின்றது. பெண்ணுக்கு நிறம் குறிக்கப்படுகின்றது. 'பெயார் அண்ட் லவ்லி' என்று பல்லாண்டு விற்கப்பட்ட முகப்பூச்சின் பெயர் 2020 இல் 'குளோ அண்ட் லவ்லி' என மாற்றப்பட்டது. பெயரில் இருந்த வெண்மை போயிற்று. மனத்தில் அது விதைத்த வெண்மை போயிற்றா என்பதை ஒன்பதாம் வகுப்பு மாணவர் ஆராய்ந்து எழுதலாமே!

முகப்பூச்சு முகத்தோடு போகும். கடன் குடும்பத்தோடு போகும். போருக்குப் பின்னர் வடக்கிலும் கிழக்கிலும் பரவிய நுண்நிதிக் கடன்களுக்குப் பெண் முன்னேற்றம் என்ற பெயர் சூட்டப்பட்டது. சிரித்த முகத்துடன் தையல் இயந்திரத்தின் முன் இருக்கும் பெண்ணின் படம் அதன் முத்திரை ஆயிற்று. வட்டி வீதமும் தவணை தவறினால் நேர்வதும் அப்படத்தில் இருக்கவில்லை. பிடி நெல்லையும் காதுத் தோட்டையும் விற்றுக் கிழமைத் தவணை கட்டிய தாய்மாரை நம் கிராமங்கள் அறியும். வறட்சி பாதித்த மாவட்டங்களில் பெண்கள் பெற்ற ஓர் இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட நுண்நிதிக் கடன்களுக்கு 2018 இல் அரசாங்கமே நிவாரணம் அறிவிக்க வேண்டி வந்ததெனில், அந்தச் சிரித்த முகத்தின் விலையை நாம் கணக்கிட்டுக்கொள்ளலாம். படத்தைப் படிக்கத் தெரியாமை எழுத்தைப் படிக்கத் தெரியாமையினும் கொடிது என்பதற்கு வேறு சான்று வேண்டா.

நீதிமன்றத்தில் சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்வதற்குச் சில எளிய வினாக்கள் உண்டு. அவற்றையே ஒரு பாட்டுக்கும் படத்துக்கும் விளம்பரத்துக்கும் பிரயோகிக்கலாம். இதைச் சொல்பவர் யார்? யாருக்குச் சொல்கின்றார்? நான் இதை நம்பினால் இலாபம் யாருக்கு? இதில் பேச அழைக்கப்படாத ஆள் யார்? ஆணும் பெண்ணும் இடம் மாறி நின்றால் இக்கதை நகைப்புக்கு இடமாகுமா? ஐந்தே வினாக்கள். பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு இவை விளங்கும். இதனைக் கற்றவன் தேர்தற் சுவரொட்டியையும் இதே கண்ணோடு பார்ப்பான். தாய்மண் என்றும் தமிழன்னை என்றும் முழங்கும் மேடையில் பெண்ணுக்கு எத்தனை கதிரை என்று எண்ணிப் பார்ப்பான். உள்ளூராட்சி மன்றங்களில் பெண்களுக்கு நூற்றுக்கு 25 இடம் என்னும் ஒதுக்கீடு 2018 தேர்தலில் முதன்முறையாக நடைமுறைக்கு வந்தது. சட்டம் கதிரையைக் கொடுத்தது. அதில் அமர்ந்து பேசும் பழக்கத்தைப் பள்ளிக்கூடம் அல்லவா கொடுக்க வேண்டும்?

உறுதி அவள் பெயரில், குரல் யார் பெயரில்?

இது கலை இரசனை பற்றிய விவகாரம் மாத்திரமென வயல் செய்வோர் எண்ணிவிடலாகாது. மட்டக்களப்பின் சமூகம் தாய்வழிக் குடிமரபில் அமைந்தது. தமிழரும் முஸ்லிம்களும் இங்கு மகளுக்கே வீட்டை எழுதிக் கொடுக்கின்றனர். மருமகன் மனைவியின் வீட்டுக்கு வந்து வாழ்கின்றான். 19 ஆம் நூற்றாண்டு நீதிமன்றங்கள் அறிந்திருந்த முக்குவர் வழமையின் அடிப்படையே தாய்வழி உரிமை. யாழ்ப்பாணத்திலோ தேசவழமையும் அதனையொட்டிய 1911 ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டமும், மணமான பெண் தன் சொந்தக் காணியை விற்பதற்குக் கூடக் கணவனின் எழுத்து மூலச் சம்மதத்தை வேண்டின. கண்டிச் சிங்களவரிடையே மனைவி வீட்டில் கணவன் வாழும் பின்ன மணமும், கணவன் வீட்டுக்கு மனைவி செல்லும் தீக மணமும் இருவகையாக வழங்கின. ஒரே தீவுக்குள் இத்தனை ஏற்பாடுகள். இவற்றில் எது பெண்ணின் 'இயற்கை'? மாணவர் இதை அறிந்தால், உலகம் தோன்றிய நாள் முதல் இப்படியே என்னும் வாதம் அவர் முன் நில்லாது.

ஆனால் நம் வழமையைப் பற்றி நாம் வீண்பெருமை கொள்ளவும் இயலாது. வீட்டு உறுதியில் அவள் பெயர் இருக்கும். ஈடு வைப்பதா இல்லையா என்று தீர்மானிப்பவர் வேறொருவர். வயற்காணி அவளுடையது, போகத்துக்கு நாட்குறிக்கும் கூட்டத்தில் எழுந்து பேசுபவர் பெரும்பாலும் அவள் கணவர். குடி தாய்வழி வரும். கோயில் வண்ணக்கர் பதவியோ ஆண் கையில் இருக்கும். நொத்தாரிசு உறுதியை வாசித்துக் காட்டும்போது, 'அவருக்குத் தெரியும்' என்று சொல்லிக் கையொப்பமிடும் பெண்ணுக்குச் சொத்து இருக்கின்றது, சொல் இல்லை. அவள் ஒரு வினா கேட்டிருந்தால் காப்பாற்றப்பட்டிருக்கக்கூடிய வளவுகள் எத்தனை!

குடியேற்றத் திட்டக் காணிகளின் கதையையும் நோக்குக. 1935 ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டம், உரித்தாளர் பின்னுரித்தாளரைப் பெயர் குறிப்பிடாது இறந்தால், வாரிசு வரிசையில் மகளுக்கு முன் மகனை நிறுத்தியது. மகளுக்கு வீடு கொடுக்கும் நம் மண்ணின் மீதும் அந்த வரிசை திணிக்கப்பட்டது. 2022 ஆம் ஆண்டுத் திருத்தம் வரும் வரை 87 ஆண்டுகள் அது நீடித்தது. உழுபவன் ஆண், சோறு கொண்டுவருபவள் பெண் என்னும் படத்தையே சட்டம் வரைந்தோர் மனத்தில் வைத்திருந்தனர் என்று தோன்றுகின்றது. நாற்று நட்டு, களை பறித்து, கதிர் பொறுக்கிய கைகள் அப்படத்தில் இடம்பெறவில்லை. படம் சட்டமாகும், சட்டம் காணியாகும். ஆதலால் படத்தை விசாரிக்கக் கற்பது காணியைக் காக்கக் கற்பதாகும்.

ஆட்சேபங்களுக்கு விடை

இதனால் பண்பாடு கெடும் என்போர் உளர். அவர்களுக்கு நாம் காரைதீவில் பிறந்த ஒரு தமிழ்த் துறவியைச் சுட்டிக் காட்டுகின்றோம். சுவாமி விபுலாநந்தர் 1926 இல் 'மதங்க சூளாமணி' என்னும் நூலை வெளியிட்டார். சேக்சுபியரின் நாடகங்களையும் தமிழ் நாடக இலக்கணத்தையும் அருகருகே வைத்து ஆராய்ந்தது அந்நூல். அதே அடிகளார் 1947 இல் 'யாழ் நூல்' தந்தார். பிற நாட்டுக் கலையை ஒப்பிட்டுப் பார்த்தமையால் அவர் தமிழை இழந்தாரா? அவர் வழி நின்று நாமும் ஓர் ஒப்பீடு செய்வோம். வெனிசு நகரத்து வழக்கில் வாதாடப் போர்சியா ஆணுடை பூண வேண்டியிருந்தது. கண்ணகியோ பெண்ணாகவே, தலைவிரி கோலத்தோடு, கையில் சிலம்போடு அவை புகுந்தாள். இந்த வேற்றுமையை எடுத்துச் சொன்னால் நம் பண்பாட்டின் மதிப்பு உயருமே அன்றித் தாழாது.

பரீட்சைக்கு நேரம் போதாது என்போர் உளர். இதற்குப் புதிய பாடம் வேண்டியதில்லை. சித்திரம், சங்கீதம், நடனம், நாடகமும் அரங்கியலும் என்னும் அழகியற் பாடங்கள் இருக்கின்றன. தமிழ் இலக்கியமும் குடியியலும் இருக்கின்றன. பாடத்தை மாற்றாமல் வினாவை மாற்றினாலே பாதி வேலை முடிந்துவிடும்.

இது பெண்பிள்ளைகளின் காரியம் என்போரும் உளர். அன்று. நடன வகுப்பில் சேர விரும்பும் பையனை ஏளனம் செய்வதும் இதே போதனைதான். அழுவது ஆணுக்கு இழுக்கு, கடன்பட்டாலும் தலை நிமிர்ந்து திரிவது ஆணுக்கு அழகு என்று கற்ற தகப்பன், வெள்ளாமை அழிந்த ஆண்டில் மனைவியிடம் கூட மனந்திறவாமல் மதுச்சாலைக்குப் போகின்றான். அந்த வேடம் அவனையும் அழுத்துகின்றது.

செய்ய வேண்டுவன

வலயக் கல்விப் பணிமனைகள் ஊர் அண்ணாவிமாரைச் சன்மானத்தோடு பள்ளிக்கூடத்துக்கு அழைக்கட்டும். ஆண்பிள்ளையும் பெண்பிள்ளையும் ஒரே களரியில் ஆடட்டும். ஒரு முறை வேடம் மாற்றியும் ஆடட்டும். ஆடி முடிந்ததும் வட்டமாக அமர்ந்து அந்த ஐந்து வினாக்களையும் கேட்கட்டும். ஒவ்வொரு தவணையிலும் ஒரு கிழமை வீட்டுக்கு வந்த விளம்பரங்களைத் தொகுத்து மாணவர் விசாரணை நடத்தட்டும். தாழங்குடாவிலுள்ள தேசிய கல்வியியற் கல்லூரியும் வந்தாறுமூலையிலுள்ள கிழக்குப் பல்கலைக்கழகமும் இதற்கான ஆசிரியரைப் பயிற்றட்டும். காத்தான்குடி, ஏறாவூர்ப் பிள்ளைகளும் அயல் மாவட்டச் சிங்களப் பிள்ளைகளும் நம் பிள்ளைகளோடு ஆண்டுக்கு ஒரு நாளாவது அமர்ந்து, தத்தம் வீட்டில் மகளுக்கு என்ன, மகனுக்கு என்ன என்று சொல்லிக் கேட்கட்டும்.

பெற்றோரும் கோயிற் பரிபாலகரும் ஒன்று செய்யலாம். வரும் வைகாசியில் வழக்குரை படிக்கும் இரவில், அவ்வேட்டின் ஒரு பகுதியைப் படிக்க ஊர் மாணவி ஒருத்தியை அழைத்துப் பாருங்கள். வழக்குரைத்தவள் பெண், அதைப் படிப்பவளும் பெண்ணாயிருந்தால் அம்மன் சினப்பாளா, குளிர்வாளா? குளிர்வாள் என்றே நாம் நம்புகின்றோம்.